கீரிமலையில் ஓர் அஞ்சலோட்டம்

சிவமயம்

சண்டிலிப்பாய்,
ஆவணி முதற் கிழமை.

அன்புள்ள தம்பி சோமசேகரத்துக்கு,

அண்ணன் பரமலிங்கம் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அண்ணி ஞானாம்பிகையும் வயதுக்கேற்ற சுகத்துடன் இருக்கிறோம். அவ்விடம் நீயும் தயாளினியும் பிள்ளை ஆரபியும் குறைவில்லாமல் இருக்க நகுலேஸ்வரப் பெருமான் அருள்புரிவாராக. உன் நாய்கள் மூன்றும் எங்கள் எல்லாரையும்விடச் சுகமாக இருக்கின்றன. அவற்றின் சுகத்தை முதல் வரியில் எழுதாதது மரியாதைக் குறைவென்று நீ நினைக்கக்கூடும். கடிதத்தில் நாயின் சுகத்தை எந்த இடத்தில் எழுதவேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்த வாத்தியார் சொல்லித்தரவில்லை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். வட்சப்பில் உன்னோடு கதைக்க முடியாதபடியால் எழுதுகிறேன். நான் "தம்பி" என்று தொடங்க முன்பே நீ, "அண்ணை, கமராவைக் கொஞ்சம் கீழை பிடியுங்கோ, மேப்பிளைக் காட்டுங்கோ" என்கிறாய். மேப்பிளைக் காட்டினால் றொக்கெற்றைக் கேட்கிறாய், றொக்கெற்றைக் காட்டினால் பட்டன் எங்கே என்கிறாய், மூன்றையும் காட்டி முடிய உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. என் முகத்தை நீ கடைசியாக எப்போது பார்த்தாய் என்று எனக்கு நினைவில்லை, மற்றப்படி அதில் பார்க்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை. கடிதம் என்றால் நாயைக் காட்ட இடமில்லை. முழுவதையும் நீ வாசித்துத்தான் ஆகவேண்டும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். முன்வருடம் பங்குனியில் அப்பர் மோசம் போனபோது நீ வரவில்லை. முழங்காலில் ஒப்பரேசன் என்றாய், முழங்கால் எல்லாருக்கும் உள்ளதுதான். செத்தவீட்டை வீடியோவில் பார்த்தாய். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு போன் எடுத்து, "அண்ணை, நான் இனி ஊரோடை வந்து இருக்கப் போறன். அதுக்கு முதல் நாயளை அனுப்பிவிடுறன்" என்றாய். ஆரபி கலியாணம் முடித்து மாடிவீட்டுக்குப் போகிறாள், அங்கே நாய் வளர்க்க விடமாட்டார்கள், நாய்களும் போட்டிகளில் இருந்து ஓய்வுபெற்றுவிட்டன, மூட்டுகளுக்கு யாழ்ப்பாணத்து வெயில் நல்லது என்றாய். சரி, சாமான் முன்னே வருகிறது, ஆள் பின்னே வருவான் என்று நானும் ஓம் பட்டேன். நாய்கள் வந்து சேர்ந்தன. நீ பொங்கலுக்கு என்றாய், பிறகு வருடப்பிறப்புக்கு என்றாய், பிறகு நல்லூர்த் திருவிழாவுக்கு என்றாய், இப்போது நான் கேட்பதையும் விட்டுவிட்டேன்.

அவை வந்து இறங்கிய கோலம் உனக்குத் தெரியாது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து தனி வான் வண்டியில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பி, ஊசி போட்ட விபரம், எலும்பு மருந்து, கழுத்தில் மெடல். கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து நான் ஓய்வுபெற்றபோது ஒரு சுவர் மணிக்கூடு தந்தார்கள். அது இப்போது ஓடுவதில்லை. ஓய்வுபெற்ற நாய் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஊர்ச்சனம் பொலிஸ் நாயென்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்துக் காணித் தம்பிராசா, போன மாரியில் களவு போன தன் தண்ணீர்ப் பம்பியைக் கண்டுபிடிக்க, அதை மூடிக்கிடந்த சாக்கையும் கொண்டுவந்து மேப்பிளின் மூக்கில் பிடித்தான். இவை மோப்பம் பிடிக்கிற நாய் இல்லை, அஞ்சலோட்டம் ஓடுகிற நாய் என்று நான் விளங்கப்படுத்தினேன். அவன் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"எல்லாம் சரியண்ணை. கோலை எப்பிடிக் கைமாத்துறது?"

அதற்கு எனக்கு விடை தெரியாமல் அன்றைக்கே உனக்கு எடுத்துக் கேட்டேன். என் வாழ்க்கையில் நீ எனக்கு எதையும் அவ்வளவு அக்கறையாகச் சொல்லித்தந்ததில்லை. நாலு நாய் ஓர் அணி. வரிசையாகச் சின்னத் தடைகள். முதல் நாய் அவற்றைத் தாண்டி ஓடி எல்லையில் இருக்கிற பெட்டியை மிதிக்க, பெட்டி ஒரு ரெனிஸ் பந்தைத் துப்பும். அதைக் கவ்விக்கொண்டு திரும்பி ஓடிவந்து கோட்டைத் தாண்டினால், அடுத்த நாய் ஓடும். தடையின் உயரத்தை அணியிலே கட்டையான நாயை அளந்துதான் வைப்பார்களாம். அதாவது பட்டனின் கால் எவ்வளவோ அவ்வளவுதான் மேப்பிளும் துள்ளவேண்டும். எங்கள் சங்கத்து நிர்வாகமும் அந்த முறையில்தான் நடந்தது, மெடல் மட்டும் கிடைக்கவில்லை. நாலாவது நாயை அங்கே வேறொரு குடும்பம் எடுத்துக்கொண்டது என்றும், இந்த மூன்றுக்கும் இனி ஓட்டம் இல்லை, சாப்பாடும் நித்திரையும்தான் என்றும் சொன்னாய்.

தம்பி, அந்தச் செய்தியை நாய்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு ஓய்வு தந்த அடுத்த நாளில் இருந்து நான் சங்கத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. இவை வந்த மூன்றாம் நாளே வேலையைத் தொடங்கிவிட்டன. தம்பிராசா பீற்றூட் கிண்டி இலை நறுக்கி வேலிக்கு அந்தப் பக்கம் குவித்துவிட்டு ஓட்டோ ஓடப் போயிருக்கிறான். நான் முற்றத்தில் கதிரையில் இருந்து பேப்பர் பார்க்கிறேன். மேப்பிள் வேலியைத் தாண்டிப் போய் ஒரு பீற்றூட்டைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தது. அது வைத்ததும் றொக்கெற் போனது. றொக்கெற் வந்ததும் பட்டன் வேலிக்குக் கீழால் புகுந்து போனது. நான் இரண்டாம் பக்கத்துக்கு வர முன்பே என் செருப்பு மூடுபட்டுவிட்டது. உன் அண்ணி வெளியே வந்து பார்த்து, தம்பிராசா அன்பளிப்பாகத் தந்தது என்று நினைத்து, தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்து, அவனுக்கும் ஒரு கோப்பை கொடுத்தனுப்பினா. அவன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வந்தான்.

"கறி நல்ல ருசி அக்கா. பீற்றூட் ஆரின்ரை?"

அன்றையில் இருந்து எங்கள் வீட்டில் உருண்டையான சாமான் எதுவும் வெளியில் இருப்பதில்லை. தேசிக்காய் அலுமாரிக்குள், உடுப்புகளோடு. பிள்ளையாருக்கு உன் அண்ணி மோதகத்தைத் தட்டையாகத்தான் பிடிக்கிறா, பிள்ளையாரும் இதுவரை முறைப்பாடு செய்யவில்லை. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது என்னவென்றால், மூன்றும் ஓடி முடிந்ததும் வரிசையாக நின்று என்னைப் பார்க்கின்றன. முதலில் விளங்கவில்லை, தீன் கேட்கின்றன என்று நினைத்துப் புட்டு வைத்தேன், தின்றுவிட்டு மறுபடியும் பார்த்தன. பிறகுதான் விளங்கியது, அணிக்கு நாலு பேர், மூன்று பேர் ஓடியாயிற்று, நாலாவது ஆள் கதிரையில் இருந்து பேப்பர் பார்க்கிறார். அந்தப் பார்வையை நீ அறிவாய். ஒரு நாள் பின்னேரம் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடி வரைக்கும் ஒருக்கால் ஓடிவந்தேன். உன் அண்ணி குசினி யன்னலால் பார்த்திருக்கிறா. இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு முட்டை கூட வைத்தா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆடி அமாவாசைக்கு அப்பருக்குக் கடன் கழிக்கக் கீரிமலைக்குப் போனோம். உப்புத் தண்ணீரில் நீந்தினால் மூட்டுக்கு நல்லது, நாய்களையும் கொண்டு போங்கோ, அப்படியே கடலையும் எனக்குக் காட்டுங்கோ என்று நீதான் சொன்னாய். "பிதிர்க்கடனுக்குப் போற இடத்துக்கு நாயும் ஒரு கேடோ?" என்று உன் அண்ணி கேட்டா. தம்பி கேட்கிறான், வராதவன் கண்ணாலாவது பார்க்கட்டும் என்று நான்தான் மறித்தேன். ஐயர் முன்னால் எதிலும் வாய் வைக்கக்கூடாதென்று உன் அண்ணி விடியவே மூன்றுக்கும் வயிறு முட்டப் புட்டு வைத்தா. தம்பிராசாவின் ஓட்டோவில் பின்னுக்கு நாங்கள் இருவரும் மூன்று நாய்களும். அளவெட்டி தாண்டும்வரை பட்டன் என் மடியில் இருந்தது, அதன் பிறகு நான் அதன் மடியில் இருந்த மாதிரி.

கடற்கரையில் காலடி வைக்க இடமில்லை. ஐயர் தர்ப்பை போட்டு, எள்ளும் தண்ணீரும் இறைப்பித்து, அப்பர், பாட்டன், பூட்டன் என்று மூன்று பிண்டம் பிடித்து வைத்தார். நல்ல இறுக்கமான பிடி, பந்து மாதிரி. அந்த நேரம் எனக்கு அது தோன்றவில்லை, தோன்றியிருக்க வேண்டும். தம்பிராசா ஒரு கையில் நாய்க்கயிறுகளையும் மறுகையில் போனையும் பிடித்துக்கொண்டு நின்றான். போனில் நீ. அங்கே முதல்நாள் இரவு. நெற்றியில் திருநீறு பூசி, வேட்டிச் சால்வையோடு கதிரை நுனியில் இருந்தாய். அந்த ஒரு நாள்தான் நீ நாயைக் காட்டச் சொல்லவில்லை. அதை இங்கே எழுதாமல் விடக்கூடாது.

அப்பரின் பிண்டத்தை இலையோடு ஏந்திப்போய், முழங்கால் தண்ணீரில் நின்று கடலில் விட்டேன். கும்பிட்ட கையை இறக்கவில்லை, என் காதோரமாக ஏதோ பாய்ந்தது. தம்பிராசா சொல்கிறான், கயிறு இழுத்ததாம், இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கலாம் என்று வந்தபோது அவன் போனைப் பிடித்தானாம். மேப்பிள் நீந்திப்போய்ப் பிண்டத்தைக் கவ்வி, திரும்பி வந்து, நான் கும்பிட்டபடி நின்ற கையிலேயே வைத்தது. ஒரு சோறு உதிரவில்லை. நான் ஐயரைப் பார்த்தேன், ஐயர் மந்திரத்தைப் பார்த்தார். "பரவாயில்லை, மற்றதை விடுங்கோ" என்றார். பாட்டனுடையதை விட்டேன், றொக்கெற் கொண்டுவந்தது. பூட்டனுடையதைச் சற்றுத் தள்ளி எறிந்து பார்த்தேன், பட்டன் அலைக்குள் அமிழ்ந்து மறைந்து, நாங்கள் எல்லாரும் அது போய்விட்டது என்று நினைத்த பிறகு, பூட்டனோடு வெளியே வந்தது. மூன்று தலைமுறையும் என் கையில் திரும்ப வந்து இருக்கிறது. மூன்று நாய்களும் நனைந்த உடம்போடு வரிசையாக நின்று என்னைப் பார்க்கின்றன.

நான் ஓடவில்லை. நடந்தேன். மூன்றையும் வேட்டி மடியில் கட்டிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீருக்குப் போய், கையாலே உதிர்த்துக் கரைத்துவிட்டு வந்தேன். கரையில் மூன்றும் குரைத்த குரைப்பில், அணி வென்றுவிட்டது என்று நினைத்தன போலும். அந்த நேரம் பக்கத்தில் நின்ற, எந்த ஊர் என்று தெரியாத ஓர் அம்மா வாயைத் திறந்தா.

"தகப்பன் இவரின்ரை கையாலை வாங்கேல்லை. வேறை பிள்ளையள் இல்லையோ?"

"ஓம் அம்மா, கனடாவிலை ஒராள் இருக்கிறார். இந்தா, இதிலை நிக்கிறார்" என்று தம்பிராசா போனை அவவின் பக்கம் திருப்பினான். அதோடு உன் முகம் அசையாமல் நின்றது, பிறகு தொடர்பு அறுந்தது. அன்றைக்குப் பிறகு நீ எடுக்கவும் இல்லை, நான் எடுத்தால் பதிலும் இல்லை. வெட்கமாக்கும், அல்லது சிரிப்பை அடக்க முடியவில்லையாக்கும் என்று நான் விட்டுவிட்டேன்.

ஊர் விடவில்லை. தம்பிராசாவுக்கு ஓட்டோ இருக்கிறது, வாயும் இருக்கிறது. நாங்கள் குளித்து வீடு வந்து, ஆடி அமாவாசைக்கென்றே சமைக்கிற காத்தோட்டிக்காய்ப் பொரியலோடு சோற்றில் கை வைக்க முன்பே கதை சந்திக்குப் போய்விட்டது. சலூன்காரன் என் தலையைப் பிடித்துக்கொண்டே கேட்கிறான், "மூத்தவரின்ரை கையாலை அப்பர் வாங்கமாட்டன் எண்டிட்டாராம், இளையவர்தான் வரவேணுமாம், மெய்யோ?" என்று. கத்தி கழுத்தில் இருக்கும்போது நான் என்ன சொல்லுவது. கோயிலில் எனக்கு வழிவிட்டு நிற்கிறார்கள், அது மரியாதை இல்லை, பரிதாபம். நாய் கொண்டுவந்தது, அது அதன் தொழில், எலுமிச்சங்காயைப் போட்டாலும் கொண்டுவரும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "நாய்க்கு ஆர் சொன்னது எண்டதுதானே மாஸ்ரர் கேள்வி" என்கிறார்கள். நான் மாஸ்ரரும் இல்லை.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் சோமு, இது வேறு இடத்தில் தைக்கிறது. இத்தனை வருடம் அப்பரோடு இருந்தது நான். இடம்பெயர்ந்தபோது சைக்கிள் கரியரில் வைத்து உருட்டியது நான். கடைசி மாதங்களில் குளிப்பாட்டி, கக்கூசுக்குத் தூக்கிப்போய், நகம் வெட்டிவிட்டது நான். அந்த மாதங்களில் அவர் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "சோமு, தண்ணி தா" என்பார். நான் கொடுப்பேன். "சோமு, கதவைச் சாத்து" என்பார். சாத்துவேன். இல்லை அப்பு, நான் பரமு என்று ஒரு நாளும் சொல்லவில்லை, சொன்னால் அவருக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று பயந்தேன். அப்படி இருக்க, அவருக்கு இட்ட சோறு திரும்பி என் கையில் வந்து இருக்கும்போது, அதைக் கொண்டுவந்தது ஓய்வுபெற்ற நாய் என்று மூளைக்குத் தெரிந்தாலும் மனதுக்குத் தெரியவில்லை. எனக்கு அது தாங்கவில்லை.

ஆகவே உன்னிடம் கேட்பது இரண்டு காரியம். ஒன்று, அந்த நாய்க் கழகத்துத் தலைவரிடம் இருந்து முத்திரை குத்திய ஒரு சான்றிதழ் எடுத்து அனுப்பவேண்டும். அதில், மேற்படி நாய்கள் மூன்றும் உருண்டையாக எதைக் கண்டாலும் எடுத்துவரும் பழக்கம் உடையவை என்றும், எறிகிறவர் மூத்த மகனா இளைய மகனா என்று பார்ப்பதில்லை என்றும், உயிரோடிருப்பவர் இறந்தவர் எவருடைய தூண்டுதலும் இன்றிச் சுயமாகவே ஓடுகின்றன என்றும் தெளிவாக இருக்கவேண்டும். தமிழில் மொழிபெயர்த்து நான் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டுவேன். மற்றது, புரட்டாதி மாளயத்துக்குக் கடனைத் திரும்பச் செய்யச் சொல்லி ஐயர் சொல்லியிருக்கிறார், அதற்கு முதல் இந்த மூன்றையும் நீ திருப்பி எடுத்துவிட வேண்டும். வந்த மாதிரியே வானில் ஏற்றி அனுப்புகிறேன். எடுக்காவிட்டால் தம்பிராசா கேட்கிறான், கொடுத்துவிடுவேன், அவனுக்குப் பீற்றூட் பொறுக்க ஆள் இல்லை. நீ வருவாய் என்ற எண்ணத்தில் வளர்த்தேன். நீ வரப்போவதில்லை என்றால் இவை எதற்கு எனக்கு?

தயாளினிக்கு என் அன்பைச் சொல்லு. ஆரபிக்கும் மருமகனுக்கும் எல்லா நலமும் பெருக எங்கள் ஆசி. குளிருக்குள் நிலத்தைப் பார்த்து நட, உன் முழங்காலைக் கவனி. கீரிமலையான் உங்களை எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பான்.

இங்ஙனம்,
உன் அண்ணன்,
க. பரமலிங்கம்

பி.கு: கடிதத்தை மடித்துக் கவருக்குள் வைக்கும்போது உன் அண்ணி போனோடு வந்தா. தயாளினியோடு இவ்வளவு நேரமும் கதைத்தவவாம். நீ வெட்கத்தில் இருக்கவில்லை, சிரிக்கவும் இல்லை என்று இப்போதுதான் அறிகிறேன். அன்றையில் இருந்து நேரத்துக்குச் சாப்பிடாமல், கராஜில் காருக்குள் தனிய இருந்து அழுகிறாயாம். "அந்த நாயளை வளர்த்தது நான். அதுகள் பந்தைத்தான் கொண்டருங்கள், சோத்தைக் கண்டா விழுங்கிப்போடுங்கள். விழுங்காமல் கொண்டந்து குடுத்ததெண்டா அது நாயின்ரை வேலை இல்லை, அப்பு என்னைத்தான் கேக்கிறார்" என்று சொன்னாயாம். புரட்டாதி மாளயத்துக்கு வந்து இறங்க ரிக்கெற் போட்டுவிட்டாயாம், அண்ணைக்கு எந்த முகத்தோடு சொல்லுவது என்று தெரியாமல் இருக்கிறாயாம்.

இந்த முகத்தோடேயே சொல்லியிருக்கலாம். சரி, கேள். மேலே நான் எழுதியது முழுக்கக் கோபத்தில் எழுதியது, அதைக் கணக்கில் எடுக்காதே. கிழித்துப்போட்டு வேறு எழுதியிருப்பேன், ஆனால் அப்பர் தண்ணீர் கேட்டதைப் பற்றி நடுவில் எழுதிப்போட்டேன், அதை இன்னொரு முறை எழுத என்னால் ஏலாது. சான்றிதழ் தேவையில்லை. நாய்கள் எங்கேயும் போகவில்லை, இங்கேயே நிற்கட்டும். சோற்றை அவை ஏன் விழுங்கவில்லை என்பதற்கு உன் அண்ணி ஒரு காரணம் சொன்னா, நல்ல காரணம்தான், அதை நான் எழுதமாட்டேன். நீ சொன்னதுதான் சரி, அப்பர் என் கையால் வாங்கவில்லை, உன்னைத்தான் கேட்கிறார். மூத்தவன் நான் சொல்கிறேன், ஊருக்கும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். ரிக்கெற்றை மட்டும் மாற்றிப்போடாதே.